நடைபாதை விட்டுப்போகும் இடங்கள்: சென்னை மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர் அவர்களுக்கும், 200 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலைக் கோட்டைக்கு எழுதாமல் ரிப்பன் மாளிகைக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. மெட்ரோ ரயிலும் மேம்பாலமும் மேலிடத்தில் முடிவாகி வருபவை. ஒரு தெருவில் ஒருவர் பத்திரமாக நடக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் வேலைகள் பெரும்பாலும் உங்கள் மன்றத்தின் தீர்மானங்கள் வழியாகத்தான் போகின்றன. இன்னொரு காரணமும் இருக்கிறது. நடப்பதைப் பற்றி உங்கள் அளவுக்குத் தெரிந்த மக்கள் பிரதிநிதிகள் வேறு எவரும் இருக்க முடியாது. 2022 பிப்ரவரியில் வாக்குக் கேட்டு உங்கள் வார்டில் தெருத்தெருவாக நடந்தீர்கள். எந்த முனையில் மேன்ஹோல் மூடி உடைந்திருக்கிறது, எந்தச் சந்தில் விளக்கு எரியாது, எந்த இடத்தில் பிளாட்பாரம் முடிந்து ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் கேட்க வந்தது புதிதாக எதையும் அல்ல. 2014 அக்டோபரில் நம் மாநகராட்சி மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. இந்தியாவில் அப்படி ஒரு கொள்கையை முதலில் ஏற்ற நகரம் சென்னைதான். மாநகராட்சி போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிடப்பட வேண்டும் என்கிறது அது. 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் 1.8 மீட்டர் அகலத்தில் பாதுகாப்பான, தொடர்ச்சியான நடைபாதை அமைப்பது ஓர் இலக்கு. நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்களில் ஒருவர்கூடச் சாலையில் உயிரிழக்காத நிலையை எட்டுவது இன்னொன்று. 2018 வந்து போய்விட்டது. அந்த இலக்குகளில் எது எவ்வளவு நிறைவேறியது, 60 சதவீதம் எந்த ஆண்டு ஒதுக்கப்பட்டது, எங்கே செலவானது என்று ஒவ்வொரு பட்ஜெட்டோடும் ஒரு கணக்கு மக்கள் முன் வைக்கப்பட்டிருக்க வேண்டும். நல்ல கொள்கையை எழுதி ஏற்றுக்கொண்ட ஊர் அதைக் கேட்பாரற்று விட்டுவிட்டது என்பதுதான் என் முதல் வருத்தம்.

அந்தக் கொள்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் சொல் ‘தொடர்ச்சியான’ என்பது. இத்தனை கிலோமீட்டர் நடைபாதை போட்டோம் என்ற கணக்கு அடிக்கடி நம் காதில் விழுகிறது. அதில் எத்தனை மீட்டர் ஒருவர் கீழே இறங்காமல் நடக்கக்கூடியது என்ற கணக்கு எங்கும் இல்லை. குடிநீர்க் குழாயில் நடுவே ஒரு முழம் உடைந்திருந்தால், மீதிக் குழாய் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வராது. நடைபாதைக்கும் இதே கதைதான். நூறு மீட்டரில் நாலு இடத்தில் இறங்கி ஏற வேண்டுமென்றால், முட்டி வலியுள்ள பெரியவர் முதல் இடத்திலேயே இறங்கிவிடுவார். பிறகு ஏறவே மாட்டார். ரோட்டோரமாகவே நடந்து முடித்துவிடுவார். “பிளாட்பாரம் போட்டுக் கொடுத்தாலும் ஜனங்க ரோட்டுலதான் நடக்கிறாங்க” என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஜனங்கள் ஏன் அப்படி நடக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பிளாட்பாரமே பதில் சொல்லும்.

பேருந்து போகும் ஒரு சாலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். சென்னையில் பல சாலைகளில் மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான் நடைபாதை. வடிகாலின் மட்டம் எங்கே நிற்கிறதோ அதுதான் நடைபாதையின் மட்டம். சில இடங்களில் அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை உயர்ந்து நிற்கும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ், நடப்பவர்களுக்கான வசதிகள் குறித்து 2012-ல் வெளியிட்ட வழிகாட்டி, விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு மாடிப்படியின் உயரம் அவ்வளவுதான். அதற்குமேல் போனால் புடவை கட்டிய பெண், கையில் பையோடு வருபவர், பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவர் என யாருக்கும் ஏறுவது சிரமம்.

ஏறிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். பத்தடியில் ஒரு வீட்டின் கேட். கார் ஏறி இறங்க வசதியாக அங்கே நடைபாதை வெட்டப்பட்டு, சாய்தளம் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நியாயமாக நடைபாதை அதே மட்டத்தில் நேராகப் போக வேண்டும், கார்தான் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். இங்கே நடக்கிறவர் ஒவ்வொரு காருக்காகவும் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறார். அடுத்து மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் எனும் மின்விநியோகப் பெட்டி, கதவு பாதி திறந்தபடி, நடைபாதையின் முக்கால் அகலத்தை அடைத்துக்கொண்டு. அதையடுத்துக் கடையின் படிக்கட்டு, படிக்கட்டின் மேல் ஜெனரேட்டர். அதற்கப்பால் தூர் வாரக் கழற்றிய சிலாப் திரும்பப் பொருத்தப்படாமல் சுவரில் சாய்ந்திருக்கும். பார்வையற்றவர்கள் வழியறிய மேடு வைத்துப் பதித்த மஞ்சள் ஓடுகள் நேராகப் போய் ஒரு மின்கம்பத்தில் முடிகிற இடங்களையும் பார்த்திருக்கிறேன். அந்த ஓடுகளை நம்பிக் கைத்தடியோடு வருகிறவரை நினைத்தால் மனசு பதறுகிறது. ஓடு பதிக்கச் செலவு செய்தோம், பில் போட்டோம், பணமும் கொடுத்தோம். அது யாருக்காகப் பதிக்கப்பட்டது என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

சாலையைக் கடப்பது இதைவிடக் கடுமை. 24 மீட்டர் அகலச் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 20 நொடி வேண்டும். திடமான உடம்பு உள்ளவரின் நடை அது. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிற முதியவருக்கு 30 நொடி ஆகும். நம் சிக்னல்களில் நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு இருக்கும் இடங்களே குறைவு. இருக்கிற இடத்திலும் அந்த நேரத்தில் இடப்பக்கம் திரும்பும் வண்டிகள் நிற்பதில்லை. வண்டிகள் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காகச் சந்திப்புகளை மூடிவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளி யூ டர்ன் வைக்கும் வழக்கம் பரவிவருகிறது. வண்டிக்கு அது இரண்டு நிமிடச் சுற்று. எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டியவருக்கோ, தடுப்புக் கட்டைகளின் இடுக்கில் உடம்பை நுழைத்து, நிற்காமல் ஓடும் வண்டிகளுக்கு நடுவே பாய்வது. சந்திப்பை மூடும் முன் அங்கே ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? அப்படி எண்ணாமல் மூடுவதற்கு மாமன்றம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்.

உடனே நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம் என்பார்கள். எல்லா நடைமேம்பாலமும் வீண் என்று நான் சொல்லவில்லை. 2023 மே மாதம் திறக்கப்பட்ட மாம்பலம் ஆகாய நடைபாதை ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் 570 மீட்டர் நீளத்துக்கு இணைக்கிறது. ரயில் மேடையிலிருந்து ஏற்கெனவே படியேறி வருகிற கூட்டத்தை அப்படியே ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் இட்டுச் செல்கிறது. அங்கே அது பொருத்தமான ஏற்பாடு. ஒரு சாதாரணச் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக இரண்டு மாடி உயரம் ஏறச் சொல்வது வேறு. எஸ்கலேட்டர் ஓடாத நாளிலும் லிஃப்ட் பூட்டிய நாளிலும் அதை யார் ஏறுவது? ரோட்டு மட்டத்திலேயே, நடைபாதையின் உயரத்துக்கு மேடாக்கிய ஜீப்ரா கிராசிங் போட்டால் வண்டிகள் தாமாகவே வேகம் குறைக்கும். அதற்கு ஆகும் செலவு நடைமேம்பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

இதெல்லாம் சென்னைக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால் பாண்டி பஜாரைக் காட்டலாம். 2019 நவம்பரில் பாண்டி பஜார் இருக்கும் சர் தியாகராயா சாலையில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்து, நடக்கிறவர்களுக்கு அகலமாக இடம் விட்டு, உட்கார இருக்கைகள் போட்டு, வண்டி ஏறாதபடி தடுப்புத் தூண்கள் நட்டார்கள். அதற்கு முன் கார் நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் பலருக்கு இருந்தது. இப்போது ஒரு சாயங்காலம் அங்கே போய் நில்லுங்கள். தாத்தா பேரனுக்குப் பலூன் வாங்கிக் கொடுத்துவிட்டு இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். காலேஜ் பெண்கள் கைகோத்துச் சிரித்தபடி போகிறார்கள். ஒருவருமே தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடக்கவில்லை. பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்கத் தேவையில்லாத சாலை இந்த ஊரில் எவ்வளவு அபூர்வம் என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைக்கும். அதே கவனம் வியாசர்பாடிக்கும் கொடுங்கையூருக்கும் திருவொற்றியூருக்கும் கிடைக்க வேண்டும். இருக்கைகளும் அலங்கார விளக்குகளும் பிறகு வரட்டும். இடறாத, அறுபடாத 1.8 மீட்டர் முதலில் வரட்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கிப் போக அந்த அகலம் போதும்.

நடப்பவர்கள் யார் என்பதையும் மன்றம் மனதில் வைக்க வேண்டும். 2008-ல் சென்னைப் பெருநகருக்காகச் செய்த போக்குவரத்து ஆய்வில், பயணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் முழுக்க நடந்தே செய்யப்பட்டவை. கார்ப் பயணம் அதில் ஒரு சிறு பங்குதான். பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்கள் எல்லோரும் இரண்டு முனையிலும் நடக்கிறவர்களே. 2021-லிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது. வீட்டுவேலைக்குப் போகும் பெண்களும் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்களும் அதனால் மாதாமாதம் மிச்சம் பிடிக்கிறார்கள். நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறேன். அந்தப் பெண் இரவு ஒன்பதரை மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கியபின் வீடுவரை போகிற தெருதான் உங்கள் பொறுப்பு. பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மன்றம் இது. இருட்டான சந்தில், கழிவுநீர் தேங்கிய ஓரத்தை விட்டு நடுரோட்டில் வேகமாக நடந்து வீடு சேர்வது என்னவென்று உங்களில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தியச் சாலைகளில் 2023-ல் உயிரிழந்த 1,72,890 பேரில் 35,221 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல். சட்டமும் இப்போது நடப்பவர் பக்கம் வந்திருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் தொடுத்த வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. நடைபாதைகள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடியவையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், நடப்பவர்களின் பாதுகாப்புக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் ஆறு மாதத்தில் விதிகள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்தச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 198ஏ பிரிவின்படி, தரக்குறைவான சாலை வடிவமைப்பாலோ பராமரிப்பாலோ உயிர்ச்சேதமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகார அமைப்பு, ஒப்பந்ததாரர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் எடுத்தவுடன் முதலில் தள்ளுவண்டிக்காரர்கள் மீது பாய்ந்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். நடைபாதை ஆக்கிரமிப்பு என்றதும் பூக்காரம்மாவின் கூடையும் இட்லிக் கடையும்தான் லாரியில் ஏறுகின்றன. நாள் முழுக்க நடைபாதையில் ஏறி நிற்கும் காரும், அடுக்குமாடிக் குடியிருப்பு நீட்டிவைத்த சாய்தளமும், பெரிய கடையின் விளம்பரப் பலகையும் அப்படியே இருக்கின்றன. தெரு வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. நகர விற்பனைக் குழு அமைத்து, கணக்கெடுத்து, இடம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நடைபாதையின் ரோட்டோர விளிம்பில் மரம், விளக்குக்கம்பம், கடைகளுக்கு ஒரு பட்டையும், நடுவில் எதுவுமே இல்லாத 1.8 மீட்டரும் என்று பிரித்துவிட்டால் இரு தரப்புக்கும் இடம் உண்டு. ராத்திரி பத்து மணிக்குப் பெட்ரோமாக்ஸோ எல்இடி விளக்கோ எரியும் ஒரு தள்ளுவண்டி இருக்கும் தெருவில்தான் பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள்.

நிழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே மாதத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு மரமில்லாத சாலையில் அரை கிலோமீட்டர் நடப்பதே தண்டனை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களின் இடம் பல தெருக்களில் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. நடைபாதைப் பணி நடக்கும்போது நின்றிருக்கும் மரத்தின் அடியில் கழுத்தை நெரிப்பதுபோல் கான்கிரீட் ஊற்றுவதை உங்கள் பொறியாளர்கள் உடனே நிறுத்தட்டும்.

“அந்தச் சாலை எங்களுடையதில்லை, நெடுஞ்சாலைத் துறையுடையது” என்பது நாங்கள் அதிகம் கேட்கும் பதில். தோண்டியது குடிநீர் வாரியம், பெட்டி வைத்தது மின்வாரியம், சந்திப்பை மூடியது போக்குவரத்துப் போலீஸ். உண்மைதான். நடக்கிறவருக்கு அது ஒரே தெரு. இந்தத் துறைகள் எல்லாவற்றையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத்தான் கும்டா என்ற ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் சட்டப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பில்லர் பாக்ஸை மதிலோரமாக நகர்த்துவது போன்ற வேலைகளை வார்டு வாரியாகப் பட்டியல் போட்டு அங்கே கொண்டுபோங்கள். சாலையைத் தோண்ட அனுமதி கொடுக்கும்போது, நடைபாதையைப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவரும் செலவை முன்பணமாக வாங்குங்கள். சரிசெய்ததை நேரில் பார்த்த பிறகு அந்தப் பணம் திரும்பட்டும்.

மன்றத்தின் கையிலேயே இருக்கும் இன்னொரு பெரிய ஆயுதம் பில். நடைபாதைப் பணியின் இறுதித் தொகையை ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும் முன், அந்த வார்டின் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவர், பார்வையற்ற ஒருவர், முதியவர் ஒருவர் ஆகியோர் அந்த நடைபாதையில் முனையிலிருந்து முனைவரை போய்ப் பார்க்கட்டும். எந்த இடத்தில் அவர்கள் ரோட்டில் இறங்க நேர்கிறதோ அந்த இடம் சரியாகும்வரை பணம் நிற்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. டெண்டர் நிபந்தனையில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், உங்கள் வார்டின் மாநகராட்சிப் பள்ளியிலிருந்து தொடங்குங்கள். பள்ளி வாசலிலிருந்து அருகிலுள்ள பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றுக்கும் போகும் வழியை முதலில் சரிசெய்யுங்கள். சில நூறு மீட்டர்கள்தான் இருக்கும். இரண்டு பக்கமும் அறுபடாத நடைபாதை, வாசலில் மேடாக்கிய கிராசிங், எரியும் விளக்குகள். வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்தே பெருமளவு செய்துவிடலாம். ஏழு வயதுப் பிள்ளை தனியாகப் பள்ளிக்கு நடந்துபோகலாம் என்று ஒரு தாய் துணிந்து அனுப்பும் வழி, மற்ற எல்லோருக்கும் பாதுகாப்பான வழியாகத்தான் இருக்கும்.

அடுத்த மாமன்றக் கூட்டத்தில் உங்களில் யாராவது ஒருவர், எந்தக் கட்சியைச் சேர்ந்தவரானாலும் சரி, எழுந்து நின்று இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்: 2014-ல் ஏற்ற கொள்கையின்படி இந்த ஆண்டு பட்ஜெட்டில் நடப்பவர்களுக்கு ஒதுக்கியது எத்தனை சதவீதம், என் வார்டில் கீழே இறங்காமல் நடக்கக்கூடிய நடைபாதை எத்தனை மீட்டர்? ஆணையர் தரும் பதில் கூட்டக் குறிப்பில் ஏறட்டும், வார்டு மக்கள் கூடிப் பேசும் எங்கள் ஏரியா சபையிலும் படிக்கப்படட்டும். நாங்கள் வந்து கேட்போம்.

இப்படிக்கு,
நடந்தும் பேருந்திலும் தினமும் வேலைக்குப் போய்வரும் ஒரு சென்னைவாசி